தீராத சண்டைக்குத்தான் சம்பளம்

பசியாறிட்டியா தம்பி? உக்காரு. அனைத்துலகப் பொருளாதாரத்துல டாக்டர் பட்டம் வாங்கப் போறியாமே, உங்கம்மா கிள்ளான் பூரா சொல்லிட்டா. தோட்டத்துல மரம் சீவுனவனுக்கும் அந்தப் படிப்பு கொஞ்சம் தெரியும்லா. அப்பல்லாம் லண்டன்ல ரப்பர் விலை எறங்குனா எங்க வீட்டுல மீன் கொழம்பு நின்னுடும். அதைத்தானே நீ கணக்குப் போட்டு எழுதப் போற?

புத்தி சொல்றேன், கேட்டுக்க. தீர்ந்து போற கேள்வியைத் தொடாதே. தீர்ந்துட்டா உனக்கு வேலை ஏது? நம்ம மலேசியாவுலயே ஒரு அமுதசுரபி இருக்கு. 1997 நடுவுல ஒரு அமெரிக்க டாலர் ரெண்டரை வெள்ளிதான். ஆசிய நிதி நெருக்கடி வந்து, 1998 ஜனவரில 4.88-ஐத் தொட்டுச்சு. செப்டம்பர்ல பிரதமர் மகாதீர், வெளிய போற காசுக்குக் கதவைச் சாத்திட்டு, டாலர் 3.80-ன்னு ஆணி அடிச்சாரு. 2005 ஜூலை வரைக்கும் ஆணி அசையல. நடுவுல ஆயிரம் வெள்ளி நோட்டு, ஐந்நூறு வெள்ளி நோட்டு எல்லாம் செல்லாமப் போச்சு. நான் பதறவே இல்ல. இருந்தாத்தானே பதற!

கதவைச் சாத்துனது நல்லதா கெட்டதா? காப்லான், ராட்ரிக்னு ரெண்டு பேரு 2001-ல எழுதினாங்க: பன்னாட்டு நாணய நிதியத்துக்கிட்டப் போன தென் கொரியா, தாய்லாந்தோட வச்சுப் பாத்தா மலேசியா சீக்கிரம் தேறிடுச்சாம். இன்னொரு கூட்டம், செப்டம்பருக்குள்ள ஆபத்தே கடந்து போச்சு, அப்புறம் சாத்துனதுக்கு என்ன பெருமைங்குது. இன்னும் விடல. ரெண்டு பக்கத்துக்கும் மாசம் பொறந்தா சம்பளம்.

1999-ல நோபல் வாங்குன மண்டெல் வழியா வந்த பாடம் ஒண்ணு படிப்ப. அசையாத நாணய விலை, தடையில்லாம வந்து போற மூலதனம், நம்ம இஷ்டத்துக்கு வட்டி. மூணும் சேந்து கிடைக்காதாம். கைநெறையச் சம்பளம், மாமியார் சொல்லைக் கேக்குற குணம், பக்கத்துத் தெருவுலயே வீடு, மூணும் ஒரே மாப்பிள்ளைகிட்ட அமையாதுன்னு உங்க பாட்டி நோபல் வாங்காமலே சொன்னா.

பொருளாதார நிபுணர் ஜோமோ குவாமே சுந்தரத்தைக் கேள்விப்பட்டிருப்ப. பினாங்குல பொறந்தவரு. ஆப்பிரிக்கத் தலைவருங்க ஜோமோ கென்யாட்டா பாதி, குவாமே நிக்ருமா பாதின்னு பேரு, வால்ல நம்ம சுந்தரம். யேல், ஹார்வர்டுன்னு படிச்சுட்டு மலாயாப் பல்கலைக்கழகத்துல பாடம் சொன்னாரு. நெருக்கடி சூடு ஆறுறதுக்குள்ள, 1998-லயே, 'டைகர்ஸ் இன் டிரபிள்'ங்குற புத்தகத்தைத் தொகுத்தாரு. நிதியத்தையும் விடல, நம்ம அரசாங்கத்தையும் விடல. இவரை எவன் விருந்துக்குக் கூப்புடுவான்னு நெனச்சேன். 2005-ல ஐ.நா.வுல உதவிப் பொதுச் செயலாளர் ஆனாரு. 2018-ல அதே மகாதீரே ஆலோசனைக் குழுவுல உக்கார வச்சாரு! நீ அதெல்லாம் பாத்து ஆசைப்படாதே. உனக்கு வீட்டுக்கடன் இருக்கு. ஒரு பாராவுல திட்டு, அடுத்த பாராவுல "ஆயினும்"னு ஆரம்பி.

கட்டுரை அனுப்பு, திருப்பி அனுப்புவான், திருத்தி மறுபடி அனுப்பு. அச்சேறுறப்ப நீ எழுதுன வெள்ளி விலை பழங்கதை ஆகியிருக்கும். கவலைப்படாதே, தலைப்புல "படிப்பினைகள்"னு ஒரு சொல்லைச் சேத்துடு.

வெளிநாட்டு மாநாட்டுக்குக் கெளம்புறப்போ பிரிக்பீல்ட்ஸ்ல காசு மாத்துற பாய் கடைக்குப் போவல்ல? அவருகிட்ட உன் மாடலை விளக்கிச் சொல்லு. பொறுமையாக் கேப்பாரு. கேட்டுட்டு, பலகையில போட்ட விலையிலதான் தருவாரு.