நெருப்பால் குளிரும் பெட்டி

கேள்வி: அமெரிக்காவில் கேம்பர் வேனில் யாத்திரை செய்கிறோம். புரொப்பேன் குளிர்சாதனப் பெட்டி குளிரவில்லை. பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பதில்: 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முண்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் கண்ட இவ்வற்புத யந்திரத்தில், சிறு சுடரின் உஷ்ணத்தால் அம்மோனியாவும் நீரும் ஹைட்ரஜனும் ஓயாது சுழன்றே குளிர்ச்சியை உண்டாக்குவதாலும், வண்டி சாய்ந்து நின்றால் அவ்வோட்டம் தடைப்படுவதாலும், முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வாயுவை அடைத்துவிட்டு, பர்னர் குழாயில் குடிபுகுந்த சிலந்தியின் வலையையும் கரியையும் அகற்றுங்கள். பிறகு வாயுவைத் திறந்து மூட்டிய சுடர் நீலமாக எரிந்தால் பாதி வியாதி தீர்ந்தது. பின்புறக் குழாய்களில் மஞ்சள் படிவும் அம்மோனியா நெடியும் தென்பட்டாலோ, கசிவு நிச்சயம். வைத்தியத்தில் பணத்தை விரயம் செய்யாமல், 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டியும் அதற்கேற்ற பாட்டரியும் சோலார் தகடும் வாங்குங்கள். அக்கினி பகவான் கைவிட்டால் சூரிய பகவான் இருக்கிறார்!