ஆட்டுக்குட்டியக் கொஞ்ச ஆளுக்கு முந்நூறு

ஏங்கண்ணு, சனிக்கெழம சிநேகிதக்காரங்க அஞ்சு பேரோட கொல்லிமலைக்கு வர்றியாமா. நீ போனை வெச்சதுலருந்து உன்ற அம்மாயி அரிசி ஊறப் போடறதா, கோழியப் புடிச்சுக் கவுத்தறதான்னு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துக்கிட்டே கெடக்கறா. "இயற்கையப் பாக்கோணும், மலையேத்தம் போகோணும், பண்ணை விலங்குகளோட ஒரு நாள் இருக்கோணும்"னு நீ சொன்ன நாயத்தையும் சொன்னா. பண்ணை விலங்கு! எங்களுக்கெல்லாம் அது ஆடு மாடுதான். படிச்ச புள்ளைக வாயில பேரே வளந்துருச்சு.

நாலாவது பரீட்சை லீவுக்கு நீ வந்தது எனக்கு ஞாபகம் இருக்குது. ரண்டு வெள்ளாட்ட ஓடக்கர வரைக்கும் ஓட்டிட்டுப் போய்ட்டு வாடான்னதுக்கு, வகுத்து வலின்னு பாயில சுருண்டு படுத்தவன் நீ. இப்ப அதே ஆட்டப் பாக்க லீவு போட்டு, வண்டி புடிச்சு, பெங்களூர்லருந்து வர்ற. இருபது வருசங் கழிச்சாவது அந்த வகுத்து வலி நல்லாயிருச்சே, சந்தோசம்.

வர்றதுதான் வர்ற, கெழவன் சொல்றதக் கேட்டுட்டு வா. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டுனா காரவள்ளி. அங்கதான் மலை ஆரம்பம். அடிவாரத்துல ஆளுக்கு நாலு பரோட்டா, மேல ஒரு முட்டைக் கலக்கி, கடேசியா ஒரு கலர்சோடா, இத்தனையும் உள்ற எறக்கிப் போட்டு ஏறுங்க. மேல எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நெம்பர் எழுதிப் பலகை வெச்சிருக்கறாங்க. ஆரு எந்த வளைவுல வாந்தியெடுத்தாங்கன்னு பின்னால சொல்லிச் சிரிக்க அதவிடச் சௌரியம் வேறென்ன வேணும்? ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டி ஒதுங்கி வழி வுடோணுங்கறது மலை ரோட்டு வழக்கம். உன்ற சிநேகிதன் வெலை ஒசந்த காரு வெச்சிருக்கறானாமா, அவனுக்கு அந்த வழக்கமெல்லாம் எதுக்கு? எதுக்க பலாப்பழம் ஏத்துன வண்டி வந்துதுன்னா அதுவே சொல்லிக் குடுத்துரும்.

செம்மேட்டுல வல்வில் ஓரி செலை நிக்கும். ஆடி பதினேழு, பதினெட்டுல அவனுக்கு அரசாங்கமே விழா எடுக்குது. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சுப்போட்டான்னு புறநானூத்துல வன்பரணர் பாடி வெச்சிருக்கறாருன்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. நீங்களும் ஒண்ணும் கொறஞ்சவங்க இல்ல. ஒரே செல்பியில ஆறு மூஞ்சி, பின்னால ஓரியோட பாதித் தலை. ஓரி ஏழு வள்ளல்ல ஒருத்தன், கோவிச்சுக்க மாட்டான்.

அப்பறம் ஆகாயகங்கை. அறப்பளீசுவரர் கோயிலத் தாண்டிப் படி எறங்கோணும். ஆயிரத்துக்கு மேல படி. எறங்கறப்ப ஆளாளுக்குப் பாட்டுப் பாடுவீங்க, ஒரு படியில நின்னு ஒம்போது போட்டோ எடுப்பீங்க. கீழ அய்யாறு மேலருந்து கொட்டறத பாத்ததும் வாயடைச்சுப் போயிரும். அது வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. ஏறறப்பத்தான் ஒவ்வொரு படியும் கூப்புட்டுப் பேசும். எரநூறாவது படியில சட்டை நனையும், நானூறுல சாமி ஞாபகம் வரும், அறநூறுல அம்மாயி ஞாபகம் வரும், அதுக்கு மேல ஆரு ஞாபகமும் வராது. அந்த நேரம் பாத்து நம்ம பக்கத்துச் சனம் ஒண்ணு, இடுப்புல கொழந்தை, கையில செருப்பு, தலையில ஈரத்துணி மூட்டையோட உங்களத் தாண்டிப் போகும். "தள்ளி நில்லுங்க தம்பி"ன்னு ஒரு வார்த்த வேற சொல்லும். நீங்க போட்டிருக்கற பூட்ஸு எத்தன ஆயிரம்னு அப்ப ஆரும் கேக்க மாட்டாங்க, பயப்படாத. மழை பேஞ்சு தண்ணி மிஞ்சி வந்தா எறங்க வுட மாட்டாங்க. வுடலீன்னா காவலுக்கு நிக்கறவங்ககிட்ட மல்லுக்கட்டாத. அவங்களுக்குத் தண்ணியத் தெரியும், உனக்குத் தண்ணி பாட்டலத்தான் தெரியும்.

கொரங்குக்குச் சிப்ஸு போடோணும்னு ஒருத்தன் கட்டாயம் கெளம்புவான். போடட்டும். மொதல் நாள் கொரங்கு கைய நீட்டும். மறுநாள் பையப் புடுங்கும். அடுத்த வாரம் வர்ற கொழந்தையப் பிறாண்டும். காட்டுல காயும் கொழுந்தும் திண்ணுக்கிட்டு மரியாதையா இருந்த சீவனைச் சுங்கச்சாவடியில உக்காத்தி வெச்ச பெருமை உங்களையே சேரும். 2019 சனவரியிலருந்தே கேரிப்பை, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாத்துக்கும் தமிழ்நாட்டுல தடை. அந்தச் சேதி மலைக்கு வந்து சேந்துருச்சு, வர்றவங்க காதுலதான் இன்னும் வுழுகல.

மலையேத்தம்னியே, அதச் சொல்றேன். ரோடு வர்றதுக்கு முன்னால இந்த மலைச்சனம் பலா, வாழை, மொளகுன்னு எல்லாத்தையும் தலைச்சுமையா எறக்கிச் சந்தையில வித்துப்போட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கிட்டு அதே தடத்துல பொழுதோட ஏறுவாங்க. துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலையிலருந்து ஆகாயகங்கைக்குக் கல்லும் வேரும் புடிச்சு ஏறற தடம் இன்னைக்கும் இருக்குது. அப்ப அதுக்கு மலையேத்தம்னு பேரு இல்ல, பொழப்புன்னு பேரு. இப்ப 2024 அக்டோபர்ல அரசாங்கம் ட்ரெக் தமிழ்நாடுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, மாநிலம் பூராம் நாப்பது தடத்தப் புடிச்சு, கம்ப்யூட்டர்ல பதிஞ்சு காசு கட்டுனாத்தான் நடக்கலாம்னு வெச்சிருக்கறாங்க. நடக்கறதுக்கு முன்பதிவா! ஊர்ச்சாவடியில இதக் கேட்டு ஒரு வாரம் சிரிச்சோம். அப்பறம் விசாரிச்சா, அந்தந்த மலையில பொறந்த பசங்களுக்கே பழக்கிவுட்டு, வழிகாட்டியாக் கூட அனுப்பறாங்களாமா. சரி, தடத்தப் போட்டவன் பேரனுக்குக் கூலி கெடைக்குதுன்னா கட்டு காச. அதுல எனக்குச் சிரிப்பு வரல.

மேல சாமைச் சோறு கெடைக்குமான்னு உன்ற சிநேகிதப்புள்ள ஒண்ணு கேட்டுச்சாமா. தேடிப் பாக்கச் சொல்லு. சாமை, தினை, கேவுருன்னு வெளைஞ்ச சரிவுல பாதிக்கு மேல மரவள்ளிக் கெழங்கு நிக்குது. அந்தக் கெழங்கு லாரி ஏறி வந்து சேலத்து மில்லுல ஜவ்வரிசியாகி, வடக்க விரதக்காரங்க வகுத்துக்குப் போகுது. சாமைய ஒரலுல போட்டுக் குத்திக் குத்திக் கை காச்ச பொம்பளைக கெழங்குக்கு மாறுனதுல நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். குத்திப் பாத்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து வெதை சேத்து வெச்சு, தோலெடுக்க மிஷினும் குடுத்தப்பறம் கொஞ்சம் பேரு திரும்பி வெதைக்கறாங்க. நீ உன்ற ஊர்ல கண்ணாடி சீசாவுல சாமை வாங்கறியே, அது வந்த கதை இதுதான்.

இப்பப் பண்ணை விலங்குக்கு வர்றேன். மொதல்ல வெள்ளாடு எது, செம்மறி எதுன்னு அந்த அஞ்சு பேருக்கும் சொல்லி வை. வெள்ளாட்டுக்கு வாலு மேல நிமிந்து நிக்கும், செம்மறிக்குத் தொங்கும். வெள்ளாடு ரண்டு கால்ல எந்திரிச்சு வேலியில இருக்கற தழையக் கடிக்கும், செம்மறி தலையக் குனிஞ்சா பொழுதுக்கும் புல்லுதான். மழை ரண்டு தூத்தல் போட்டா வெள்ளாடு வீட்டப் பாத்து ஓடியாரும், செம்மறி நின்ன எடத்துலயே கூடி நிக்கும். உங்க ஆபீஸ்ல எது சாஸ்தின்னு நீயே பாத்துக்க. நம்ம மேச்சேரி ஆடு செம்மறிச் சாதிதான், ஆனா ஒடம்புல கம்பளி கெடையாது, கொம்பும் கெடையாது, செம்பழுப்பு நெறம். அதோட தோலுக்கு வெளிநாட்டுல மவுசு. 1978லயே பொட்டனேரியில அதுக்குன்னு ஆராய்ச்சி நிலையம் வெச்சாங்க. நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குப் படிக்க காலேஜே இருக்குது. ஆட்டுக்குப் படிச்சவங்க இத்தன பேரு இருக்கற ஊர்ல ஆடு மேய்க்கத்தான் ஆளில்ல.

நெசமான பண்ணை பாக்கோணும்னா நாமக்கல் ரோட்டோரம் நீள நீளமாக் கொட்டாய் நிக்குதே, அதப் பாரு. தெனத்துக்கும் கோடிக்கணக்குல முட்டை போடற கோழி அங்கதான் கூண்டுல நிக்குது. அதோட செல்பி எடுக்க ஆரும் வர்றதில்ல. வந்தாலும் உள்ற வுட மாட்டாங்க, சீக்கு தொத்தும்னு மருந்துத் தண்ணியில காலை முக்குனாத்தான் வழி. அதுவும் நல்லதுக்குத்தான். பாத்துட்டா உனக்கு அப்பறம் ஆம்லேட்டு எறங்காது.

நீ பதிஞ்சு வெச்சிருக்கற எடத்தப் பத்தியும் விசாரிச்சேன். நடத்தறவன் பேரு வேண்டாம், ஊர்க்காரன். அங்க ஆட்டுக்குட்டியத் தூக்கிக் கொஞ்ச ஆளுக்கு முந்நூறாமா. பால் கறக்கற மாதிரி மாட்டு மடியத் தொட்டுப் போட்டோ எடுக்கத் தனியா எரநூறு. அந்த மாட்டுக்குப் பால் வத்தி ஆறு மாசம் ஆச்சுங்கறது உனக்கும் எனக்குமான ரகசியம். அந்தக் குட்டி எங்கிருந்து போச்சுங்கற? போன மாசம் நான்தான் ரண்டு வித்தேன். ஒண்ணு நெத்தியில வெள்ளை, நீ பாத்தவொடனே கண்டுபுடிச்சுருவ, தாயாட்டத் தேடிக் கத்திக்கிட்டே இருக்கும்.

அதனால ஒரு யோசனை. தாயாடு இங்க நம்ம பட்டியில, கூடப் பொறந்த இன்னொரு குட்டியோட நிக்குது. அஞ்சு பேரையும் இங்கயே கூட்டியாந்துரு. ஆளுக்கு எரநூத்தம்பது. அதுல குட்டியக் கொஞ்சலாம், வெடியால பட்டியக் கூட்டி புழுக்கை அள்ளலாம், ஓடக்கர வரைக்கும் மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போகலாம், அத நீங்க மலையேத்தம்னு எழுதிக்குங்க. காச எங்கையில குடு. அம்மாயிகிட்ட மட்டும் சொல்லிப்போடாத, சோத்தையும் போட்டு சும்மாவே அனுப்பிச்சுருவா.