டிவிடெண்ட் மாமா

ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடல் எதுவானாலும் ஸ்காபரோ மண்டபங்களில் சனம் மூன்றாகப் பிரியும். முதற் கூட்டம் வீட்டு விலை கதைக்கும். இரண்டாவது கூட்டம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல்கலைக்கழகம் கதைக்கும். மூன்றாவதில் ஒருவர் மட்டும் கதைப்பார். மற்ற நாலுபேரும் கையில் மட்டன் ரோல்ஸ் தட்டு இருப்பதால் ஓடமுடியாமல் நிற்பார்கள்.

அந்த ஒருவர்தான் டிவிடெண்ட் மாமா. முகம் தெரியாவிட்டாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். "ஆறு வீதம், தம்பி! சும்மா இருக்க ஆறு வீதம்!"

அவருடைய தத்துவம் யாழ்ப்பாணத்து வளவில் பிறந்தது. "அப்பருக்கு இருபத்திரண்டு தென்னை. மரம் என்ன விலை போகுமெண்டு அந்த மனுசன் ஒருக்காலும் கேட்டதில்லை. தேங்காய் எத்தினை எண்டுதான் எண்ணினவர். பங்கும் அப்பிடித்தான். மரத்தை விக்கிறேல்லை. காயை எண்ணு."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாமா காயையும் தின்பதில்லை. வருகிற டிவிடெண்டில் அதே பங்கையே திரும்ப வாங்கும் 'டிரிப்' திட்டத்தில் எல்லாவற்றையும் போட்டுவைத்திருக்கிறார். "இருபது வருசமாத் தென்னை வளர்க்கிறார். இன்னும் ஒரு சம்பல் கண்டதில்லை" என்பது மாமியின் வருடாந்த அறிக்கை.

மாமாவின் நாணயம் டொலர் அல்ல, பங்கு. என்பிரிட்ஜ் கம்பனி 2025இல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்கொன்றுக்கு 94 சதம் சொச்சம் கொடுத்தது. ஆகவே ஒரு கோப்பி என்பது ஏறத்தாழ இரண்டு என்பிரிட்ஜின் மூன்று மாத உழைப்பு. வீட்டைச் சூடாக்கும் காஸ் பில்லும் அதே கம்பனியிலிருந்துதான் வருகிறது. "வலக்கையால குடுத்து இடக்கையால வாங்கிறன்" என்று பெருமைப்படுவார். ஆனாலும் வீட்டில் தெர்மொஸ்டாட் 18க்கு மேலே ஏறியதில்லை. இடக்கை கொஞ்சம் சின்னது.

அவர் ஒரு கடை முதலாளியும்கூட. டிம் ஹோர்ட்டன்ஸின் தாய்க் கம்பனியில் நாற்பது பங்கு வைத்திருக்கிறார். காலையில் கடை வாசலில் கார்கள் தெருவரைக்கும் வரிசைகட்டி நிற்பதைக் கண்டால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும், மாமாவுக்குக் கண் கலங்கும். "பாரும், என்ர கடையில எவ்வளவு சனம்!" பார்த்து முடிந்ததும், பார்க்கிங்கில் நின்றபடி, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் குடிப்பார்.

ஊரிலிருந்து புதிதாக வந்த பொடியன் ஒருவனிடம் அவர் முதலிற் கேட்ட கேள்வி: "தம்பி, உமக்கு எவ்வளவு ரூம் இருக்கு?" அவன் பணிவாக, "ஒரு ரூம்தான் அங்கிள், பேஸ்மென்ட்" என்றான். மாமா கேட்டது டி.எஃப்.எஸ்.ஏ. என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இருக்கும் இடத்தை. 2009இல் அந்தத் திட்டம் தொடங்கியபோதே பதினெட்டு நிரம்பி, அன்றுதொட்டு இங்கேயே இருப்பவருக்கு 2025 வரை 102,000 டொலர் இடம் சேர்ந்திருக்கிறது. புதிதாக வந்தவனுக்கு வந்த வருடத்திலிருந்துதான் கணக்கு. "அப்ப உமக்கும் ஒரு ரூம்தான்" என்று சமாதானமாகி, அமெரிக்கக் கம்பனிப் பங்கை அதற்குள் வைத்தால் டிவிடெண்டில் 15 வீதத்தை அமெரிக்காவே வெட்டிக்கொள்ளும், ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் வைத்தால் வெட்டாது என்று பாடம் எடுத்தார். பொடியன் வேலை தேடிக்கொண்டிருந்தான்.

செத்தவீட்டிலும் அவர் சும்மா இருப்பதில்லை. பெட்டியின் முன் கைகூப்பி நின்றுவிட்டு, பக்கத்தில் நின்ற மருமகனின் காதில் கேட்டார்: "டி.எஃப்.எஸ்.ஏ.க்கு மனுசியின்ர பேர் போட்டவரோ?" எல்லாரும் முறைத்தார்கள். அடுத்த கிழமை அந்த மண்டபத்தில் நின்ற பாதிப்பேர் வங்கிக்குப் போய்த் தங்கள் கணக்கில் மனைவி பெயர் போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

வங்கிகளைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவர் குரலில் கோயில் மணி கேட்கும். "பாங்க் ஒஃப் மொன்றியல் 1829இல இருந்து டிவிடெண்ட் குடுக்குது. எங்கட தாத்தாவின்ர தாத்தாவுக்குக் கோவணம் கட்டத் தெரியாத காலம்!" 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது பலர் அலறியடித்து விற்றார்கள். மாமா ஒன்றையும் விற்கவில்லை. அது அவருடைய உறுதி என்பது அவர் கட்சி. பாஸ்வேர்ட் மறந்துபோனது என்பது மாமியின் கட்சி.

அவருக்கும் பேய்ப்பயம் உண்டு. ஒக்டோபர் 31 இரவு, வேடம் போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டினால் மாமா ஒருகணம் திடுக்கிடுவார். 2006இல் அதே நாளில்தான் அப்போதைய கனடிய நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி, மாதாமாதம் காசு கொட்டிக்கொண்டிருந்த வருமான டிரஸ்டுகளுக்கு வரி வரப்போகிறது என்று அறிவித்தார். வரி போடமாட்டோம் என்று தேர்தலில் சொல்லி வந்த கட்சிதான். மறுநாள் டிரஸ்டுகளின் விலை மளமளவென்று விழுந்தது.

அதைவிடப் பெரிய அடி தொலைபேசியில் வந்தது. நாட்டின் பெரிய தொலைபேசிக் கம்பனி ஒன்று பங்குக்கு வருடம் 3.99 டொலர் கொடுத்துக்கொண்டிருந்தது. 66 டொலருக்கு வாங்கினால் 6 வீதம். விலை 33க்கு இறங்கியபோது அதே 3.99 என்பது 12 வீதமாகத் தெரிந்தது. மாமா அதைக் காய் பெருத்துவிட்டதாக எண்ணி மேலும் வாங்கினார். காய் அப்படியேதான் இருந்தது, மரம்தான் சாய்ந்துகொண்டிருந்தது. 2025 மே 8ஆம் திகதி கம்பனி 3.99ஐ 1.75 ஆக வெட்டியது. அன்று முழுக்க மாமா போன் எடுக்கவில்லை. அதுவும் அந்தக் கம்பனிப் போன்தான்.

அன்றிலிருந்து அதன் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லாததுபோல, "அவை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். 66 டொலருக்கு வாங்கிய பங்கு இப்போது தருவது 2.65 வீதம். மாமி 2023இல் 5 வீதத்துக்குப் போட்ட ஜி.ஐ.சி. வைப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் மாமாவுக்கு வலி குறைந்திருக்கும்.

ஒருநாள் துணிந்து சொன்னேன்: "மாமா, தேங்காய் விழுந்தால் மரத்தின்ர விலை குறையாது. ஆனால் டிவிடெண்ட் பிரியிற நாள் காலமை, ஏறக்குறைய அந்தளவு காசு பங்கின் விலையிலயிருந்து கழியும். அது உங்கட மரத்திலயிருந்தே வாற காசு. காயை மட்டும் எண்ணினால் போதாது, மரம் வளருதோ தேயுதோ எண்டும் பார்க்கவேணும்."

மாமா பிளாஸ்க் மூடியைத் துடைத்தார். நீண்ட நேரம் யோசித்தார். பிறகு, "அது சரி. ஆனால் மரம் வளருறது சத்தம் கேக்காது, தம்பி. தேங்காய் விழுந்தால் கேக்கும்" என்றார்.

ஆறு வீதத்தின் மயக்கத்தை இதைவிடத் துல்லியமாக எந்த நிதி ஆலோசகரும் எனக்குச் சொன்னதில்லை.

உங்கள் ஊர் ஒன்றுகூடலிலும் ஒரு மாமா இருப்பார். ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு ஓடாதீர்கள். சந்தை விழும்போது விற்காமல் இருக்கும் பொறுமையை அவரிடம் படியுங்கள். கணக்கில் மனைவி பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவர் வீதம் சொன்னால், "வாங்கினபோது என்ன விலை, இப்ப என்ன விலை?" என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொல்ல நேரம் எடுக்கும். டிம் ஹோர்ட்டன்ஸுக்குக் கூட்டிப்போங்கள். கோப்பிக்கு அவரே காசு கொடுக்கட்டும். கடை அவருடையது.