மூட்டைக்கு ஒரு கணக்கு, முதுகுக்கு ஒரு கணக்கு

கே: ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். ‘சமதளத்தில் சுமந்து நடந்தால் வேலையே இல்லை’ என்று மகன் அறிவியல் புத்தகத்தைக் காட்டுகிறான். நான் கூலி வாங்கலாமா, கூடாதா?
– ஒரு சுமைப்பணியாளர், ஒட்டன்சத்திரம்

ப: தாராளமாக வாங்குங்கள், உயர்த்தியும் கேளுங்கள்! 50 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் தூக்கித் தலையில் ஏற்றினால் 735 ஜூல் வேலை. அதன்பின் லாரி வரை ஒரே சீராக நடக்கும்போது மூட்டையின் உயரமும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. அதனால் அதன் ஆற்றல் கூடவில்லை. புத்தகம் சொல்வது அவ்வளவுதான். அது மூட்டையின் கணக்கு, உங்கள் கணக்கு அல்ல. பாரம் அழுத்த அழுத்த உங்கள் கழுத்திலும் முதுகிலும் தசைகள் இறுகியே நிற்க வேண்டும். அதற்கு நொடிக்கு நொடி சாப்பாட்டின் ஆற்றல் கரைந்து வெப்பமாக வெளியேறுகிறது. சும்மாடு வேர்வையில் நனைவது அதனால்தான். இந்த இரண்டாம் பாதியையும் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியே ஆகவேண்டும். இல்லாவிட்டால், அப்பா உழைக்கவே இல்லை என்று பிள்ளை பரீட்சையில் எழுதிவிட்டு வருவான்.

கே: பிரியாணி சாப்பிட்டுவிட்டு மலைக்கோட்டை ஏறினால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: 60 கிலோ உடம்பு ஒவ்வொரு 10 மீட்டர் உயரம் ஏறவும் 5,880 ஜூல், அதாவது 1.4 கிலோகலோரி. உடம்பின் வீணடிப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 6 கிலோகலோரி. உச்சி வரை ஏறினாலும் பிரியாணிக்கு இந்தக் கோட்டை போதாது!

கே: சிறுமலையிலிருந்து இறங்கும்போது டிரைவர் ஏன் கியரைக் குறைக்கிறார்?
– ஒரு கல்லூரி மாணவி, நத்தம்

ப: 10 டன் பஸ் 100 மீட்டர் இறங்கினால், ஏறத்தாழ 1 கோடி ஜூல் நிலை ஆற்றலை எங்கேயாவது விட்டாக வேண்டும். 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. அத்தனையையும் பிரேக் தலையில் கட்டினால், 18 கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் பிரேக் காய்ந்து பிடி தளரும். கியரைக் குறைத்தால் இன்ஜினும் பங்கு வாங்கிக்கொள்ளும்.

கே: போர்வெல்லுக்கு 5 எச்.பி.க்குப் பதில் 10 எச்.பி. போட்டால் சீக்கிரம் பாய்ந்துவிடும், கரண்டு மிச்சம்தானே?
– ஒரு விவசாயி, வேடசந்தூர்

ப: நேரம்தான் மிச்சம். எச்.பி. என்பது திறன், ஒரு எச்.பி. 746 வாட். 1,000 லிட்டரை 100 மீட்டர் மேலே கொண்டுவர எந்த மோட்டாரானாலும் 9.8 லட்சம் ஜூல், கால் யூனிட்டுக்குச் சற்று மேல், கொடுத்தே தீரவேண்டும். உராய்விலும் சூட்டிலும் போவது தனி. நீர்மட்டம் 200 மீட்டருக்கு இறங்கினால் எல்லாம் இரட்டிப்பு. மோட்டார் கடைக்குப் போகும் முன், நீர்மட்டம் இறங்காமல் இருக்க ஊர்க் குளத்தின் வரத்து வாய்க்காலை நாலு பேர் சேர்ந்து தூர்வாருங்கள்.