மூக்குல வெயிட் பத்தலீங்

மாடல் ஏரோப்ளேன் செய்து விற்கக் கிளம்பியவருக்கு விமானத்துக்கு முன்பே விசிட்டிங் கார்டு வந்துவிடும். தொழிலின் பெயர் 'ஏரோஸ்பேஸ்' என்று முடியும். விலாசம், மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது என்பதால் அதுவும் முதல் வாரமே முடிந்திருக்கும். கோயமுத்தூரே பம்பும் கிரைண்டரும் செய்து பிழைக்கிறது. இவருக்குத் தரையில் நிற்கிற பொருள் எதுவும் ஆகாது. யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை.

எதைக் கண்டாலும் இரண்டு விரல் நுனியில் வைத்துப் பார்ப்பார். விமானம் என்றால் நியாயம் உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளி விரலைக் கொடுத்தால் அது சமமாக நிற்க வேண்டும். இல்லை, மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் கனத்தால், வீசியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, வேகம் செத்து, தொப்பென்று விழும். சரி. எங்கள் வீட்டுத் தோசைக்கரண்டிக்கு இது எதற்கு? குடை, டிவி ரிமோட், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, அம்மாவின் கைத்தடி, எல்லாம் அந்த விரல்மேல் ஏறி இறங்கிவிட்டன. கைத்தடியை அம்மா கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "மூக்குல வெயிட் பத்தலீங் மச்சான்."

மற்றவர்கள் இதற்குக் களிமண்ணோ ஈயத்துண்டோ வைப்பார்கள். பேட்டரியை முன்னால் நகர்த்துவார்கள். இவர் காசு ஒட்டுவார். பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். செல்லும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் நம்மூர்க் கடைக்காரர்கள் முகம் சுளிக்கிற காசு அது. அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும் ஒரே தொழிலதிபர் இவர். வாங்கிய கையோடு ஃபெவிக்விக் போட்டு மூக்குக்குள் ஒட்டிவிடுவார். மறுபடி விரல். இப்போது மூக்கு கனக்கிறது. வாலுக்கு ஒரு ரூபாய். மறுபடி விரல். வாலுக்கு ஒன்று வைத்ததால் மூக்குக்கு இன்னொன்று. "மாப்ளே, வருஷம் ஓடிப்போச்சு, லாபம் எங்கே?" என்று கேட்டேன். ஒரு விமானத்தை எடுத்து மூக்கைத் தட்டிக் காட்டினார். உள்ளே சத்தம் கேட்டது.

பால்சா மரம் ஈக்வடாரிலிருந்து வர வேண்டும், விலை கட்டாது. அதனால் விளம்பரத் தட்டி செய்கிற சன்பேக் ஷீட். திருப்பிப் பார்த்தால் இறக்கையின் அடியில் ஏதோ டியூஷன் சென்டரின் பாதி போன் நம்பர்.

தப்பித்தவறி ஆள் வரும். ஒரு தகப்பனார், பையனின் பிறந்தநாளுக்கென்று வந்து, "இந்த பொம்மை என்ன விலைங்க?" என்றார். முடிந்தது. "பொம்மை இல்லீங்க!" இந்தக் கோபத்தில் கொஞ்சம் சட்ட அறிவும் உண்டு: 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பிறகு வரலாறு. 1871இல் பாரிஸ் பூங்கா ஒன்றில் அல்ஃபோன்ஸ் பேனோ முறுக்கிய ரப்பரில் 11 விநாடி விமானம் ஓட்டியதை இவர் சொல்லி முடிக்க அரை மணி நேரம். கடைசியில் தகப்பனார் பணத்தை நீட்டினார். இவர் விமானத்தை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். அந்தப் பையனுக்கு இந்நேரம் அடுத்த பிறந்தநாளே வந்திருக்கும்.

ரைட் சகோதரர்களைப் பற்றி மட்டும் என்னிடம் பேச வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவர்கள் சைக்கிள் விற்ற காசில் விமானம் செய்தார்கள். இவர் விமானத்துக்காகச் சைக்கிளை விற்றவர். என் தங்கை ராத்திரி பதினொரு மணிவரை ரவிக்கை தைக்கிறாள். அந்தக் கூலியில் மோட்டாரும் சர்வோவும் வருகின்றன. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

குடியிருப்பது பீளமேட்டில், விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில். ரிமோட்டில் ஓடுகிற எதையும் அங்கே அனுமதியில்லாமல் மேலே ஏற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சி சாலையைத் தாண்டி ஏதாவது தரிசு நிலத்துக்குப் போகிறோம்; என் வண்டி, என் பெட்ரோல். ஆனால் ஒன்று. பறக்கிறபோது அது நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. ஆடுவதில்லை, சாய்வதில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஒருவர் விலைகூடக் கேட்டார். இவர் காதில் விழவில்லை.

அறை முழுக்க விமானம் நிற்கிறது, வாசகர்களே. விலை 1,500 ரூபாய், பேசினால் குறைப்பார். என் தங்கையிடம் நேரே கேளுங்கள், இவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து வாருங்கள். பணத்தை நோட்டாகக் கொடுங்கள். பத்து ரூபாய்க் காசாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் விமானம் உங்கள் கைக்கு வராது.