அக்கா எடுப்பாங்க: விழுந்த பந்துகள் குறித்து ஓர் ஆய்வு

அக்டோபர் வாக்கில் புதிய செமஸ்டர் தொடங்கியதும் சிரம்பான், நீலாய் வட்டாரக் கல்லூரித் திடல்களில் சாப்ட்பால் குழுக்கள் மறுபடி தலையெடுக்கின்றன. ஆடத் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். புதிதாக வந்த முதலாமாண்டுப் பிள்ளைகளில் சிலர், வலக்கைக்காரிக்குக் கையுறை ஏன் இடக்கையில் என்று கேட்கும் நிலையில் இருப்பார்கள். இந்த நேரத்தில் பயிற்றுநர்கள் வழக்கமாக மட்டையை எடுத்துக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் இளம் குழு பருவத்தின் முதல் ஆட்டங்களில் தோற்பது அடிக்கத் தெரியாமல் அல்ல. இரண்டு பேருக்கு நடுவே, யார் கையும் படாமல், புல்லில் வந்து விழுகிறதே ஒரு பந்து, அதனால்தான் தோற்கிறது. அந்தப் பந்து ஏன் விழுகிறது என்பதை அறிவுலகம் இதுவரை போதிய கவனத்தோடு அணுகவில்லை. இக்கட்டுரையின் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம்: அதை விழவைப்பது மரியாதை.

முதலில் பௌதிகச் சான்று. 20 மீட்டர் உயரம் எழும்பும் பந்து மண்ணுக்குத் திரும்ப ஏறக்குறைய 4 விநாடி பிடிக்கும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடைவெளி 60 அடிதான். அந்த 4 விநாடியில், ஓடத் தெரிந்த எந்தப் பெண்ணும் ஷார்ட் ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸ் வரை போய்த் தலைமுடியையும் ஒதுக்கிக்கொண்டு நிற்கலாம். பந்தும் கண்ணுக்குத் தப்பும் அளவினதல்ல. சுற்றளவு 12 அங்குலம். ஆகவே காலமும் உண்டு, தூரமும் எட்டும், பொருளும் தெரிகிறது. இதே பிள்ளையைத் தனியே நிறுத்தி இதே பந்தைத் தூக்கிப் போட்டால் சுமாராகவாவது பிடித்துவிடுகிறாள். பக்கத்தில் இன்னொருத்தியை நிறுத்துங்கள், பந்து தரைக்குப் போகிறது. ஆள் கூடக்கூடத் திறன் குறைவதை உடற்கூற்றால் விளக்க முடியாது. இளையவள் மனத்தில் “அக்கா எடுப்பாங்க” என்று ஓடுகிறது. மூத்தவள் மனத்தில் “தங்கச்சி பக்கத்துலதான் இருக்கு, அது பழகட்டும்” என்று ஓடுகிறது. இரண்டும் உயர்ந்த எண்ணங்கள். வாய்திறந்து கேட்டுவிடலாமென்றால், “அக்கா, நீங்க எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டுமா?” என்று முறையாகக் கேட்டு முடிப்பதற்குள் பந்தின் ஆயுளில் பாதி கழிந்துவிடும். மறுமொழிக்குக் காத்திருந்தால் மீதியும் போய்விடும்.

இந்தப் பழக்கத்துக்கு மண்ணில் வேர் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகள் இந்தத் திடல்களில் நிற்கிறார்கள். தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. அடுத்தவர் நிரையில் கத்தி வைப்பது சண்டைக்கு அழைப்பு. அந்த ஒழுங்கில் இரண்டு நிரைக்கு நடுவே எந்த மரமும் நிற்பதில்லை. சாப்ட்பாலிலோ விழுகிற பந்துகளில் பாதி நடுவில்தான் விழுகின்றன. தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் குறைசொல்லவும் முடியாது. குழுவில் இருக்கும் மலாய்ப் பிள்ளைக்கு மூத்தவள் ‘காக்’, சீனப் பிள்ளைக்கு ‘ஜியே’. அதோடு இது நெகிரி செம்பிலான். சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொஹோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங்குகள் கூடித் தங்கள் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் மரபுடைய மாநிலம். கலந்துபேசி இசைவோடு முடிவெடுப்பது மிக நல்ல வழக்கம்தான். என்ன, அதற்கு 4 விநாடி போதாது.

விவரமறிந்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம். காரணம் மரியாதை அல்ல, வலைப்பந்து என்பார்கள். நம் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் வலைப்பந்தில் வளர்ந்தவர்கள். அதில் தனக்குரிய எல்லையைத் தாண்டிக் கால்வைத்தால் நடுவர் விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார். ஆகையால் கோட்டுக்கு அப்பால் விழுவது தன் பாடல்ல என்று பழகிவிட்டார்கள் என்பது வாதம். கவர்ச்சியான வாதம், ஆனால் நிற்காது. வலைப்பந்தைத் தொட்டறியாத ஆண்பிள்ளைகளின் குழுவிலும் பந்து அதே இடத்தில்தான் விழுகிறது. அங்கே அண்ணன் எடுப்பார் என்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. இன்னொரு தடை, ஆளாளுக்குக் கத்திக்கொண்டு ஓடினால் முட்டிக்கொள்வார்களே என்பது. வாயை மூடிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி ஓடி வருபவர்கள்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

விதிநூல் எழுதியவர்களே இந்தச் சிக்கலில் பாதியைத்தான் கண்டார்கள். முதல், இரண்டாம் தளங்களில் ஓட்டக்காரர்கள் இருந்து, இரண்டு பேர் இன்னும் அவுட் ஆகாத நிலையில், உள்திடலில் எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்து எழும்பினால், பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட் என்று நடுவர் அறிவித்துவிடுவார். வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, ஒரே வீச்சில் இரண்டு பேரை வெளியேற்றும் தந்திரத்தைத் தடுக்கப் பிறந்த விதி அது. சூதுக்காகப் பந்தை விடுபவர்களை அவர்கள் நினைத்துப் பார்த்தார்கள். பண்புக்காக விடுபவர்கள் உலகில் உண்டென்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. சிரம்பானுக்கு வந்ததில்லை போலும்.

எல்லாவற்றிலும் கனமான தடை ஒன்று மிச்சமிருக்கிறது: ஒரு பந்துக்காகப் பிள்ளைகளுக்கு மரியாதைக்குறைவைக் கற்றுக்கொடுப்பதா? இதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். சென்பாய், கோஹாய் என்று மூத்தவர் இளையவர் முறையில் நம்மையும் மிஞ்சிய நாடு. 2021 ஜூலை 27 அன்று தோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், ஆறாவது இன்னிங்ஸில் அமெரிக்கா நெருக்கியபோது, பாய்ந்து வந்த பந்து மூன்றாம் தளத்தில் நின்ற யாமமோத்தோவின் கையில் பட்டுத் தெறித்தது. ஷார்ட் ஸ்டாப் அட்சுமி அதை அந்தரத்திலேயே பிடித்து, இரண்டாம் தளத்துக்கு எறிந்து, இரட்டை அவுட் ஆக்கினார். முதலில் தொட்டவருக்கே உரியது என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. ஜப்பான் 2–0 என்று வென்றது. உண்மையில் திடலிலும் ஒரு மரியாதை வரிசை உண்டு. அது பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. பின்னோக்கி ஓடுபவரைவிட, பந்தைப் பார்த்தபடி முன்னோக்கி வருபவருக்கு முதலுரிமை. வெளித்திடலில் சென்டர் பீல்டு சொன்னதே சொல். அந்த இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை நின்றால், அந்த 4 விநாடிக்கு அவள்தான் எல்லாருக்கும் அக்கா. கோட்டுக்கு வெளியே வந்ததும் பழைய முறைக்குத் திரும்பலாம். தே ஓ ஐஸை மூத்தவளுக்கு முதலில் நீட்டலாம்.

ஆகவே முதல் இரண்டு வாரப் பயிற்சி இப்படி அமையவேண்டும்: இருவரைப் பத்து மீட்டர் இடைவெளியில் நிறுத்தி நடுவில் பந்தைத் தூக்கிப் போடுவது, “எனக்கு!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தாதவள் திடலை ஒரு சுற்று ஓடுவது, பந்து பிடிபட்டாலும், கத்தாமல் பிடித்திருந்தால் ஓட்டம் உண்டு. மாலை நான்கு மணிக்கு இடி இடித்து மழை கொட்டினால் பயிற்சி போயிற்று என்று யாரும் மகிழவேண்டியதில்லை. 1887இல் சிக்காகோவின் ஃபராகட் படகுக் கழகத்தில் இந்த ஆட்டம் பிறந்ததே கூரைக்குக் கீழே, குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிய பந்தில்தான். கல்லூரி மண்டபத்தில் கத்தினால் இன்னும் நன்றாகவே எதிரொலிக்கும்.

மட்டைகளை அதுவரை ஸ்டோர் அறையில் பூட்டிவையுங்கள், பயிற்றுநர்களே. சாவியைக் குழுவிலேயே வயதில் இளையவளிடம் கொடுத்து, யார் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லிவையுங்கள். அக்காமார் கேட்டால் கண்டிப்பாகத் தரக்கூடாது.