அதுவும் வருமானமா சார்?

ஜூலை பிறந்துவிட்டால் பட்டுக்கோட்டையில் இரண்டு இடங்களில் கூட்டம் அலைமோதும். ஒன்று, ஆடித் தள்ளுபடி போட்ட ஜவுளிக்கடை. இன்னொன்று, வரிக் கணக்கு பார்க்கும் என் ஆபீஸ். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: “எவ்வளவு குறைப்பீங்க?”

“நான் எவ்வளவு வரி கட்டணும்?” என்று கேட்டுக்கொண்டு இதுவரை ஒருவரும் என் படியேறியதில்லை. கைக்கு வந்த பணம் வருமானமே இல்லை என்று யாராவது சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் நான்.

முதலில் வருபவர் பேப்பர் படித்துவிட்டு வருவார். “பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதாமே, அப்புறம் எதுக்கு சார் ரிட்டர்ன்?” 2025-26 கணக்குக்குப் புதிய முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் விழும் வரியில் 60,000 ரூபாய் வரை, 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அரசு தள்ளுபடி செய்கிறது. தள்ளுபடி வேண்டுமென்றால் கணக்கைக் காட்டித்தானே ஆக வேண்டும்? ஷேர் விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது என்று நான் சொல்லும்போது, பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அவர் மகன் மெதுவாக செல்போனைக் கவிழ்த்து வைப்பான்.

அடுத்தது, வீட்டு பிளான் போட்டுத் தரும் இன்ஜினியர் தம்பி. “அதான் பத்து பர்சென்ட் டிடிஎஸ் பிடிச்சுட்டாங்களே, கணக்கு முடிஞ்சிருச்சுல்ல?” பிடித்தது முன்பணம், தம்பி. வரவு 50 லட்சத்துக்குள் இருந்து, அதில் பாதியை லாபமென்று காட்டினால் உனக்குக் கணக்குப் புத்தகமே வேண்டாம். பிடித்த பணமும் திரும்பி வரலாம். அதுவரை வரித்துறையை வறுத்தெடுத்தவர், “ரீஃபண்ட் எப்ப சார் வரும்?” என்று கேட்கையில் குரலில் தேன் சொட்டும்.

தோப்புக்காரர்களின் கேள்வி வேறு. தேங்காய் விற்றால் விவசாய வருமானம், வரி இல்லை. அதே தோப்பில் கட்டியிருக்கும் மாட்டின் பாலை விற்றால் வியாபாரம். இதை அவர்களுக்குப் புரியவைப்பதைவிட மாட்டுக்குப் புரியவைத்துவிடலாம்.

மொய்விருந்து நடக்கும் சீமையாயிற்றே, மொய் பற்றிக் கேட்காமல் இருப்பார்களா? கல்யாணத்தில் மணமக்களுக்கு வந்த மொய்க்கு வரி இல்லை. காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அந்தச் சலுகை கிடையாது. உறவல்லாதவர்கள் தந்தது வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானம். யார் உறவு என்பதிலும் சட்டம் கறார். தாய்மாமன் மருமகனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. மருமகன் மாமனுக்குக் கொடுத்தால், சட்டப்படி அவன் யாரோ! இதைக் கேட்ட மாமன் ஒருவர் பெருமூச்சு விட்டார்: “சட்டம் எழுதுனவருக்கும் அக்கா மகன் இருந்திருக்கான் சார்.”

இவர்கள் யார் மீதும் எனக்குக் கோபமில்லை. 1860-இல் இந்திய நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தபோது பகிரங்கமாக எதிர்த்தவர், சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். பதவி போயிற்று. பிறகு அவரே அந்த நிதிப் பொறுப்புக்கு வந்து உட்கார்ந்தார். கவர்னரே முணுமுணுத்த வரிக்கு, பந்தல் கான்ட்ராக்டர் முணுமுணுக்கக் கூடாதா?

அந்தப் பந்தல் கான்ட்ராக்டர் வருடா வருடம் வரவில் எட்டு சதவீதம்தான் லாபம் காட்டுவார். சிறு வியாபாரத்துக்கு ரொக்க வரவில் 8, பேங்க் வழி வரவில் 6 என்று சட்டமே குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் காட்டினாலும் அரசாங்கத்தை அவமதித்ததாகிவிடும் என்பது அவர் கொள்கை.

போன மாதம் மூச்சிரைக்க வந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாசம் லட்சத்துக்குக் குறையாது என்று சொல்லியிருக்கிறார். பெண்ணுக்கு வங்கியில், அதுவும் கடன் பிரிவில் வேலை. மூன்று வருட ஐடிஆர் காப்பி கேட்டுவிட்டாள்.

“பழைய ரிட்டர்ன்ல வருமானத்தைக் கூட்டிக் காட்ட வழி இருக்கா சார்?”

இருக்கிறது. விட்டுப்போன வருமானத்தை நான்கு வருடம் வரை பின்னால் போய்ச் சேர்க்கலாம். ஆனால் வரி, வட்டி இரண்டும் கட்டி, அதற்கு மேல் தாமதத்துக்குத் தக்கபடி 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகவும் கட்ட வேண்டும். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“கட்டிருவோம் சார். பந்தல் செலவு நமக்கு மிச்சந்தானே!”